பால்சுறாவும் பாதரசப் புகையும்

பிள்ளை பெற்ற வீட்டுக்குச் சுறா வாங்கிக்கொண்டு போவது எமது கரையோரக் கிராமங்களில் நெடுநாள் வழக்கம். பால்சுறாவை அவித்து, தோலும் முள்ளும் நீக்கி உதிர்த்து, நீரைப் பிழிந்தெடுத்து, மிளகு, சீரகம், உள்ளி, தேங்காய்ப்பூ சேர்த்து வறை செய்து கொடுத்தால் தாய்க்குப் பால் ஊறும் என்பது எமது தாய்மாரும் பாட்டிமாரும் நம்பிவந்த விடயம். இந்த நம்பிக்கை கடல் கடந்தும் போயிருக்கின்றது. அந்தச் சுறாவுக்கு ஆங்கிலத்திலும் பால்சுறா என்று பொருள்படும் பெயர்தான். எமது பிராந்தியத்துப் பெண்களின் நம்பிக்கையிலிருந்தே அப்பெயர் வந்ததாக மீன்களைப் பற்றிய நூல்கள் சொல்கின்றன.

அண்மையில் மன்னார்ப் பகுதியில் மாதர் சங்கக் கூட்டமொன்றுக்குச் சென்றிருந்தேன். சேமிப்பு, கடன் மீளச் செலுத்துதல் பற்றிய கணக்குகள் முடிந்தபின், ஏழு மாதக் கர்ப்பிணியான ஒரு சகோதரி எழுந்தார். “அக்கா, சுறா சாப்பிட்டாத்தான் பால் வருமெண்டு அம்மம்மா சொல்லுறா. கிளினிக்கில மிஸ்ஸி பெரிய மீனுகளைக் குறையுங்கோ எண்டு சொல்லுறா. நான் ஆற்ரை சொல்லைக் கேக்கிறது?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் கேள்வி சிரிப்புக்குரியதல்ல. அங்கிருந்த பெண்களில் பாதிப்பேர் கருவாடு காயவைத்து விற்பவர்கள். சுறாவை உண்பவர்களும் அவர்கள்தான், விற்பவர்களும் அவர்கள்தான்.

அம்மம்மா சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. பிள்ளை பெற்ற தாய்க்குப் புரதச்சத்து வேண்டும். சுறாவின் தசையில் அது தாராளமாக உண்டு. அந்தக் காலத்தில் மலிவாகவும் கிடைத்தது. சிறு முள் இல்லாத மீன் என்பதால் களைத்துக் கிடக்கும் தாய்க்குச் சாப்பிடவும் இலகு. ஆனால் பால் ஊற வைப்பது குழந்தை அடிக்கடி மார்பில் உறிஞ்சுவதும், தாய் போதியளவு உண்பதும் நீர் அருந்துவதும் ஓய்வெடுப்பதும்தான். சுறாவில் மட்டும் இருக்கின்ற, வேறு மீனில் இல்லாத பால்சுரப்பு மருந்து என்று ஒன்று கிடையாது.

மிஸ்ஸி சொன்னதற்குக் காரணம் பாதரசம். அது எங்கிருந்து வந்து சுறாவின் உடம்பில் சேர்கின்றது என்பதை விளங்கிக்கொண்டால் மிச்சம் எல்லாம் விளங்கும்.

புகையிலிருந்து கடலுக்கு

புகையை அளப்பது என்றதும் எமக்கு நினைவு வருவது முச்சக்கர வண்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் வருடாந்த வரி அனுமதிப்பத்திரம் எடுக்கமுன் செய்யும் புகைப் பரிசோதனை. எமது நாட்டில் 2008 இல் அது தொடங்கியது. பெற்றோல் வாகனமென்றால் புகைக்குழாயில் ஒரு கருவியைச் செருகி காபனோரொட்சைட்டு, எரியாத ஐதரோகாபன் என்பவற்றின் அளவைப் பார்க்கின்றார்கள். டீசல் வாகனமென்றால் புகை எவ்வளவு கறுப்பு, எவ்வளவு ஒளியை மறைக்கின்றது என்று பார்க்கின்றார்கள்.

பாதரச ஆவியை அப்படிப் பிடிக்க முடியாது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றில் அது இருக்கும் அளவும் மிகமிகச் சொற்பம். பூமியின் வடபாதியில் ஒரு கன மீற்றர் காற்றில் ஏறக்குறைய ஒன்றரை நனோகிராம். ஒரு கிராமை நூறு கோடி பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் ஒரு நனோகிராம். இவ்வளவு சிறிய அளவை அளக்க விஞ்ஞானிகள் கையாளும் உபாயம் எமக்குப் புதியதல்ல. உடைந்த வெப்பமானியிலிருந்து சிந்திய பாதரசம் மோதிரத்தில் பட்டால் பொன் வெளுத்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். பொன்னும் பாதரசமும் கண்டவுடன் ஒட்டிக்கொள்ளும். ஆகவே பொன் பூசிய மணிகள் நிரப்பிய சிறு குழாயினூடாகக் காற்றை உறிஞ்சுகின்றார்கள். காற்றிலுள்ள பாதரசம் முழுவதும் பொன்னில் தங்கிவிடும். பின்னர் குழாயைச் சூடாக்கினால் பாதரசம் மீண்டும் ஆவியாகப் பிரியும். அதன்மேல் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சும்போது பாதரச அணுக்கள் மினுங்கும். அந்த மினுக்கத்தின் அளவே பாதரசத்தின் அளவு. தட்டான் கடையில் நடப்பதைத்தான் நுணுக்கமாகச் செய்கின்றார்கள்.

உலகெங்கும் இவ்வாறு அளந்தும், எந்தத் தொழிலில் எவ்வளவு வெளியாகின்றது என்று கணக்கிட்டும் ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் 2018 ஆம் ஆண்டு ஓர் அறிக்கையை வெளியிட்டது. மனித நடவடிக்கைகளினால் 2015 இல் மட்டும் சுமார் 2,220 தொன் பாதரசம் காற்றில் கலந்திருக்கின்றது. அதில் ஏறக்குறைய 38 வீதம் ஆபிரிக்கா, தென்னமெரிக்கா போன்ற இடங்களில் ஏழைகள் பாதரசம் கொண்டு பொன் பிரித்தெடுக்கும் சிறு சுரங்கங்களிலிருந்து வந்தது. அடுத்த பெரும் பங்கு, ஐந்தில் ஒன்றுக்குச் சற்றுக் கூட, நிலக்கரி எரிப்பதிலிருந்து வந்தது. எமது நாட்டிலும் 2011 முதல் நுரைச்சோலையில் நிலக்கரி எரிகின்றது. எனினும் எங்கள் கடல் மீனில் இருக்கும் பாதரசத்துக்கு ஒரு புகைபோக்கியை மட்டும் காட்டிக் குற்றம் சொல்வது சரியல்ல. பாதரச ஆவி மாதக்கணக்கில் காற்றில் மிதந்து உலகைச் சுற்றி வரக்கூடியது. எங்கோ ஒரு நாட்டில் எரித்தது எங்கோ ஒரு கடலில் மழையோடு விழும்.

கடலில் விழுந்த பாதரசத்தை ஒட்சிசன் குறைந்த ஆழநீரிலும் சேற்றிலும் வாழும் நுண்ணுயிர்கள் மெதையில் பாதரசமாக மாற்றுகின்றன. இதுதான் நஞ்சு. நுண்ணிய பாசி அதை உள்ளெடுக்கும். பாசியைச் சிறு இறால்கள் தின்னும். அவற்றை நெத்தலி தின்னும், நெத்தலியைச் சூரை தின்னும், சூரையைச் சுறா தின்னும். ஒவ்வொரு படியிலும் நஞ்சு சேருமே தவிரக் கழிந்து போகாது. மேல்படியில் இருக்கும், நெடுங்காலம் வாழும் மீனின் தசையில் அது கடல்நீரில் இருப்பதைவிட இலட்சக்கணக்கான மடங்கு செறிந்திருக்கும். அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் தொகுத்த அளவீடுகளின்படி சுறாவில் சராசரியாகக் கிலோவுக்கு 0.979 மில்லிகிராம் பாதரசம். சாளை இனத்தில் 0.013 மில்லிகிராம், நெத்தலி இனத்தில் 0.016 மில்லிகிராம். சாளையைவிடச் சுறாவில் எழுபத்தைந்து மடங்கு!

சுறாவை வெட்டும்போது மூக்கில் அடிக்கும் அந்தக் காட்டமான வாடையைப் பாதரசம் என்று சிலர் நினைக்கின்றார்கள். அது வேறு. சுறாவின் தசையில் இயல்பாகவே யூரியா உண்டு. செத்தபின் அது அமோனியாவாக மாறுவதால் வரும் வாடை அது. புளி விட்டுக் கழுவினாலும் அவித்துப் பிழிந்தாலும் அந்த வாடை போகும். பாதரசம் தசையின் புரதத்தோடு ஒட்டியிருப்பதால் கழுவினாலும் போகாது, பொரித்தாலும் போகாது. கருவாடாக்கினால் நீர்தான் வற்றும், நஞ்சு அப்படியே இருக்கும்.

தாய்க்குத் தெரியாமல் பிள்ளைக்கு

யப்பானில் மினமாட்டா என்ற கரையோர ஊரில் ஒரு இரசாயனத் தொழிற்சாலை ஆண்டுக்கணக்காகப் பாதரசக் கழிவைக் கடலில் கலந்துவந்தது. முதலில் ஊர்ப் பூனைகள் பைத்தியம் பிடித்தது போல் ஆடிச் செத்தன. 1956 இல் மனிதர்களிடம் நோய் இருப்பது அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது. கை கால் நடுங்கியது, பேச்சுக் குழறியது, கண் மங்கியது. அந்த ஊரைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் என்னை உலுக்குவது தாய்மாரின் கதை. தமக்குப் பெரிதாக ஒரு நோயும் தெரியாத பெண்கள், மூளை பாதிக்கப்பட்ட பிள்ளைகளைப் பெற்றார்கள். தாய் உண்ட மீனிலிருந்த நஞ்சு தொப்புள்கொடி வழியே பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. கருப்பைக்குள் நஞ்சு புகாது என்று அதுவரை நம்பியிருந்த வைத்தியர்கள், தாயைவிடப் பிள்ளையின் இரத்தத்தில் அது கூடச் சேரும் என்பதைப் பின்னரே அறிந்தார்கள். கருவிலேயே இந்நோய் தாக்கும் என்பது 1962 இல் உறுதி செய்யப்பட்டது. பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013 இல் உருவான சர்வதேச உடன்படிக்கைக்கு அந்த ஊரின் பெயரையே வைத்திருக்கின்றார்கள். இலங்கையும் 2017 இல் அதை ஏற்றுக்கொண்டது.

மினமாட்டாவில் நடந்தது கழிவைக் கடலில் நேரே கொட்டியதால் வந்த கொடுமை. எங்கள் கடற்கரையில் அப்படி இல்லை. பிள்ளைப்பேற்றின்போது நாலு தரம் வறை சாப்பிட்டேனே என்று ஒருவரும் நெஞ்சில் கையை வைக்க வேண்டாம். சிறிய பால்சுறாவில், பெரிய ஆழ்கடல் சுறாவில் இருக்குமளவு நஞ்சும் இருக்காது. எனினும் வளரும் மூளைக்குச் சிறிதளவு பாதரசமும் நல்லதல்ல என்பதால் பல நாடுகள் கர்ப்பிணிகளுக்குச் சுறாவை விலக்கச் சொல்கின்றன. பிரித்தானியாவில் கர்ப்பிணிகளும், பிள்ளை பெற எண்ணியிருக்கும் பெண்களும், பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் சுறாவையும் வாள்மீனையும் தவிர்க்கும்படி சொல்கின்றார்கள். உடம்பில் சேர்ந்த மெதையில் பாதரசம் பாதியாகக் குறைய ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். அதனால்தான் கர்ப்பம் தரிக்கமுன்னரே குறைப்பது நல்லது.

அதற்காக மீனையே விட்டுவிடுவது இன்னும் பெரிய தவறு. பிள்ளையின் மூளைக்கு வேண்டிய கொழுப்பு மீனில் இருக்கின்றது. சூடை, சாளை, நெத்தலி, காரல் என்று நாங்கள் “சில்லறை மீன்” என்று ஒதுக்குபவைதான் இந்த விடயத்தில் முதல் தரம். காரல் சொதியும் பிள்ளை பெற்ற வீட்டுச் சாப்பாடுதானே! நெத்தலியை முள்ளோடு உண்டால் கல்சியமும் கிடைக்கும். பத்தியக் கறிக்கு ஒட்டி, ஓரா, விளைமீன் இருக்கின்றன. முருங்கையிலை வறையை எவரும் தடுக்கவில்லை. இன்னொன்றும் சொல்லவேண்டும். தாய்ப்பாலில் இந்த நஞ்சு சேரும் அளவு மிகக் குறைவு. சுறா சாப்பிட்டேன் என்பதற்காகப் பால் கொடுப்பதை நிறுத்தவே கூடாது.

சுறாவும் பிள்ளைத்தாய்ச்சிதான்

கூட்டத்தில் இவற்றைச் சொல்லி முடித்தபோது, கருவாட்டு வாடியில் முப்பது வருடம் வேலை செய்த ஒரு ஆச்சி, “அது சரி பிள்ளை, சாப்பிடாம விடலாம். சாப்பிட வேணுமெண்டாலும் இப்ப சுறா எங்கை வருகுது?” என்று கேட்டா. அந்தக் கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது.

சுறா மற்ற மீனைப் போன்றதல்ல. ஒரு அறக்குளா ஒரு பருவத்தில் இலட்சக்கணக்கில் முட்டை இடும். வலையில் பல போனாலும் மிச்சம் பிழைக்கும். பால்சுறா குட்டி போடுகின்றது. ஏறக்குறைய ஒரு வருடம் சுமந்து, ஒன்றிலிருந்து எட்டு வரை. வால் நீண்ட கசைச் சுறாக்களில் பெரிய கண்ணுள்ள இனம் பெரும்பாலும் இரண்டே குட்டிதான் போடும். பெண் சுறா பருவமடையவே பன்னிரண்டு வருடமளவில் செல்லும். குட்டிகள் தாயின் வயிற்றிலேயே, கருக்கட்டாத முட்டைகளைத் தின்று வளர்கின்றன. பன்னிரண்டு வருடம் வளர்ந்து, ஒரு வருடம் சுமந்து, இரண்டு பிள்ளை. எங்கள் கதைக்குக் கிட்டவாகத்தான் இருக்கின்றது. இப்படிப்பட்ட உயிரைச் சூரை பிடிப்பதுபோல் பிடித்தால் எப்படி மிஞ்சும்?

2021 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 1970 முதல் உலகின் ஆழ்கடல்களில் சுறாக்களும் திருக்கைகளும் 71 வீதம் குறைந்துவிட்டதாகக் கணித்தது. அதே ஆண்டில் வந்த இன்னொரு மதிப்பீட்டின்படி சுறா, திருக்கை இனங்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் அழியும் ஆபத்தில் இருக்கின்றன. அவை எல்லாவற்றுக்கும் பொதுவான காரணம் அளவுக்கு மீறிய மீன்பிடி. பால்சுறாவும் ஆபத்துக்குட்பட்ட இனங்களின் பட்டியலில் ஏறிவிட்டது. வாள் போன்ற மூக்குள்ள வேளா மீனை எங்கள் வயதுக்காரர் சிலர் பார்த்திருப்போம், எங்கள் பிள்ளைகள் படத்தில்தான் பார்ப்பார்கள்.

இங்கே பழியை யார் தலையில் போடுவது? யுத்த காலத்தில் கடற்றொழிலுக்குத் தடை, எல்லை, பாஸ் நடைமுறை எல்லாம் இருந்தன. 2009 இன் பின் கடலுக்குத் திரும்பியவர்கள் வள்ளத்துக்கும் வலைக்கும் கடன் பட்டே திரும்பினார்கள். கடன்காரன் வாசலில் நிற்கும்போது வலையில் வந்த சுறாவைத் திருப்பிக் கடலில் விடு என்று சொல்வது எனக்கே கூச்சமாக இருக்கின்றது. மறுபக்கத்தில், பாக்கு நீரிணையில் அடிமட்ட இழுவைமடிகள் கடலடியைச் சுரண்டி, குட்டிச் சுறா, உழுவை, திருக்கை என்று பாராமல் வாரிக்கொண்டு போகின்றன. எமது நாடு 2017 இல் இழுவைமடியைச் சட்டத்தினால் தடை செய்தது. எல்லை தாண்டிவரும் படகுகளுக்கு அந்தச் சட்டம் தெரிவதில்லை. செட்டை வியாபாரமோ இன்னொரு கதை. கொங்கொங்கில் ஒரு கோப்பை சூப்புக்குப் போடும் செட்டையில் இலாபத்தின் பெரும்பங்கு இடைத்தரகர்களுக்குத்தான், வாடியில் உப்புப் போட்டவளுக்கல்ல.

எனினும் சட்டம் என்ன சொல்கின்றது என்பதைக் கருவாடு வாங்கி விற்கும் பெண்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஏனென்றால் பிடித்தவர் கடலுக்குப் போய்விடுவார், பிடிபடுவது சாமான் வைத்திருப்பவள்தான். சுறாவின் உடலில்லாமல் செட்டையை மட்டும் வெட்டிக் கரைசேர்ப்பது 2001 இலிருந்து தடை. கசைச் சுறா இனங்கள் மூன்றையும் பிடிப்பது, கலத்தில் வைத்திருப்பது, கரையிறக்குவது, விற்பது எல்லாம் 2012 ஆம் ஆண்டு வர்த்தமானியினால் தடை செய்யப்பட்டன. தற்செயலாக வலையில் பட்டது என்றாலும் வைத்திருக்க முடியாது. ஆழ்கடலுக்குச் செல்லும் கலங்களுக்கு 2015 இல் வந்த ஒழுங்குவிதிகள், வெண்முனைச் செட்டைச் சுறாவையும் திமிங்கிலச் சுறாவையும் இதே பட்டியலில் சேர்த்தன. 2016 இல் கசைச் சுறாவின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் பிரேரணையை முன்னின்று கொண்டுவந்தது இலங்கையே என்பது பலருக்குத் தெரியாது. உழுவை இனங்களின் வியாபாரத்துக்குக் கட்டுப்பாடு வந்தது 2019 இல். அந்த மாநாடு கொழும்பில் நடக்கவிருந்தது. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளால் அது ஜெனீவாவுக்கு மாறியது. எமது நாட்டில் எந்தக் கதையும் குண்டைத் தொடாமல் முடிவதில்லை.

அடையாளம் காண்பது கடினமல்ல. வாலின் மேல்பகுதி உடம்பளவு நீளமாக, சாட்டை போல வளைந்திருந்தால் அது கசைச் சுறா. சிங்களச் சகோதரர்கள் கசமோரா என்பார்கள். செட்டைகள் அகன்று, நுனி உருண்டு, வெள்ளை அடித்தது போலிருந்தால் வெண்முனைச் சுறா. முதுகெங்கும் வெள்ளைப் புள்ளியும் அகன்ற வாயும் உள்ள மிகப்பெரிய மீன் திமிங்கிலச் சுறா. துண்டு போட்டபின் இவற்றை இனங்காண்பது வெகு கடினம். ஆகவே தலையும் வாலும் செட்டையும் உள்ள முழு மீனாகப் பார்த்தே வாங்குவது பாதுகாப்பு. வீட்டு ஆண்கள் தொழிலுக்குப் போவோராக இருந்தால் இன்னொன்றையும் சொல்லி வையுங்கள். தூண்டிலில் உயிரோடு வந்த சுறாவை வாலில் பிடித்தோ செவுளில் கொக்கி போட்டோ தூக்கினால் விட்டாலும் பிழைக்காது. நீரிலேயே வைத்து, வாய்க்குக் கிட்டவாக நூலை வெட்டிவிட்டால் பிழைக்கும்.

கருவாட்டு வருமானம் குறையுமே என்ற கவலை நியாயமானது. சுறாக் கருவாடு நிறையில் கூட நிற்கும், வாங்குபவர்களும் நிறையப் பேர். ஆச்சியின் வாடியிலேயே இதற்கு ஒரு விடை இருந்தது. சுறா வரத்துக் குறைந்த நாளிலிருந்து அவ நெத்தலியும் கட்டாவும் சூரையும் போடுகின்றா. நெத்தலியை மணலில் பரப்பாமல் தட்டியில் வலை விரித்துக் காயவைத்து, மண் ஒட்டாத கருவாடு என்று சொல்லிச் சிறு பைகளில் கட்டி விற்கின்றா. “சுறாவுக்கு ஒரு முதலாளி வருவான், அவன் சொன்னதுதான் விலை. நெத்தலிக்கு நான் சொல்லுறதுதான் விலை” என்று சொல்லிச் சிரித்தா.

கூட்டம் முடியுமுன் அந்தப் பெண்கள் ஒரு தீர்மானம் எடுத்தார்கள். தடை செய்யப்பட்ட சுறாக்களின் படங்களைத் தமிழ் விளக்கத்தோடு வாடிச் சுவரில் ஒட்டுவதற்குத் தரும்படி, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தினூடாகக் கடற்றொழில் பரிசோதகரிடம் எழுத்தில் கேட்பது என்பது அது. கடிதத்தை எழுதியது அந்தக் கர்ப்பிணிச் சகோதரி. முதலாவதாகக் கையொப்பம் வைத்தது ஆச்சி.